பெயரிடும் தொழில்: ரெனே மாக்ரித்தும் விளம்பரத்தின் இலக்கணமும்

1930-களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரின் ஜெத் பகுதியில், எஸ்சேகெம் வீதி 135-ஆம் எண் வீட்டின் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சிறு விளம்பரக்கூடம் இயங்கிவந்தது. அதன் பெயர் 'ஸ்டூடியோ டோங்கோ'. ரெனே மாக்ரித்தும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்திய கூடம் அது. 1931-இல் டோனிஸ் என்னும் டாஃபி மிட்டாய்க்காக வரையப்பட்ட சுவரொட்டி அதன் அறியப்பட்ட ஆக்கங்களுள் ஒன்று. இத்தகைய பணிகளை மாக்ரித் 'மடத்தனமான வேலைகள்' என்றே குறிப்பிட்டார். எனினும் வீட்டுச் செலவுக்குப் பணம் வந்தது அவற்றிலிருந்துதான். கொட்டகையிலிருந்து சில அடி தொலைவில், அதே வீட்டின் உள்ளே, சர்ரியலிச ஓவியத்தின் முதன்மையான படங்கள் சில உருவாகிக்கொண்டிருந்தன.

சர்ரியலிசத்திற்கும் நுகர்வுப் பண்பாட்டிற்கும் உள்ள உறவு வகுப்பறைகளில் பெரும்பாலும் இரண்டு காட்சிகள் கொண்ட நாடகமாகவே சொல்லப்படுகிறது. முதற்காட்சியில் சர்ரியலிசம் சந்தையை எதிர்க்கிறது. இரண்டாங்காட்சியில் சந்தை சர்ரியலிசத்தை விழுங்கிவிடுகிறது. கேட்பதற்கு நிறைவான கதை. ஆனால் மாக்ரித்தின் வாழ்க்கை வரிசை இதற்கு இடம் தருவதில்லை. அவரிடம் விளம்பரம் முன்னதாகவும் சர்ரியலிசம் பின்னதாகவும் வந்தன; பிறகு ஏறத்தாழ இறுதிவரை இரண்டும் ஒரே கையில் இருந்தன. ஆகவே அவருடைய ஓவியத்தை விளம்பரத்தின்மீதான விமர்சனம் என்று சொல்ல வேண்டுமானால், அந்த விமர்சனம் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டியாக வேண்டும். கடைவீதிகளையும் வாங்குவோர் கூட்டத்தையும் கேலிசெய்யும் படங்களை அவரிடம் தேடிப் பயனில்லை. படத்துக்கும் அதன் அடியில் எழுதப்படும் பெயருக்கும் இடையிலுள்ள சிறு வெற்றிடத்தில்தான் அது இருக்கிறது. அந்த இடத்தை நிரப்புவதே விளம்பரத் தொழிலின் அன்றாட வேலை என்பதை அத்தொழிலைச் செய்தவர் என்ற முறையில் அவர் அறிந்திருந்தார்.

1898-இல் லெசீன் என்னும் சிற்றூரில் பிறந்த மாக்ரித், பிரஸ்ஸல்ஸ் கலைக்கழகத்தில் பயின்று, இராணுவப் பணியை முடித்துவந்த பின் 1921-இல் பீட்டர்ஸ்-லக்ருவா என்ற சுவர்த்தாள் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். அங்கே உடன் பணிபுரிந்த விக்தோர் செர்வ்ராங்க்ஸ் அருவ ஓவியத்தில் பெயர்பெற்றவர். தூய கலை குறித்து இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதினர். சுவர்த்தாள் வடிவமைப்பு ஒரு விசித்திரமான ஒழுங்கைக் கோருவது. ஓர் உருவம் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் வர வேண்டும். எந்த இடத்தில் வெட்டினாலும் அடுத்த தாளோடு பொருந்த வேண்டும். கண் எங்கும் நிலைகொள்ளக் கூடாது. இந்த ஒழுங்கு முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய ஓவியமொன்றில் திரும்பி வருவதைப் பின்னர்க் காணலாம்.

தொழிற்சாலையை விட்டு விலகிய பின் சுவரொட்டிகள், பாடற்சுவடிகளின் மேலட்டைகள், நோரின் என்ற ஆடைநிறுவனத்துக்கான விளம்பரங்கள் எனப் பல வேலைகள் வந்தன. 1924-இல் ஆல்ஃபா ரோமியோ காருக்கு ஒரு சுவரொட்டி வரைந்தார். சாமுவேல் என்ற மென்மயிர் ஆடை வணிக நிறுவனத்தின் விலைப்பட்டியல்களையும் உருவாக்கினார். அவற்றுள் 1928-ஆம் ஆண்டுக்கான பட்டியல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதன் வாசகங்களை எழுதியவர் பெல்ஜிய சர்ரியலிசத்தின் மூளை என்று கருதப்படும் கவிஞர் போல் நூஜே. ஒரு மென்மயிர் மேலாடையை விற்பதற்காக அச்சிடப்பட்ட பட்டியல், அக்காலத்தின் தீவிரமான இலக்கியச் சோதனைகளோடு ஒரே மேசையிலிருந்து வெளிவந்தது. கலைவரலாற்று நூல்கள் இந்தப் பட்டியலை நெடுங்காலம் அடிக்குறிப்பிலேயே வைத்திருந்தன. மாக்ரித்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள உறவை முழுநூலாக ஆராய்ந்த ஜார்ஜ் ரோக்கின் பிரெஞ்சு நூல் 1983-இல்தான் வந்தது.

நூஜேயைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். பாரிஸ் குழுவின் புகழொளியில் மறைந்துபோனவர் அவர். தொழிலால் உயிர்வேதியியலர், அரசியலால் கம்யூனிஸ்ட். கனவையும் தன்னியக்க எழுத்தையும் முன்னிறுத்திய ஆந்த்ரே பிரெத்தோனிடமிருந்து அவர் விலகி நின்றார். அவருக்கு நனவிலி மனத்தைவிட மொழிப் பயன்பாடே முக்கியம். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஒரு வடிவத்தை எடுத்து, அதில் மிகச் சிறிய மாற்றம் செய்து, மீண்டும் புழக்கத்தில் விடுவது அவருடைய முறை. 1920-களின் நடுவில் விளம்பர வாசகத்தின் உருவிலேயே கவிதைகள் எழுதி, அத்தொகுப்புக்கு 'உருமாறிய விளம்பரம்' என்ற பொருளில் தலைப்பிட்டார். 1927-இல் அவர் செய்தது மொழியியல் மாணவர்களுக்குச் சுவையூட்டுவது: கிளாரிஸ் ஜூரான்வில் என்பவர் எழுதிய பள்ளி இலக்கணப் பாடநூலின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சற்றே திருத்திக் கவிதைகளாக்கி, அவற்றை அந்தப் பாடநூலாசிரியையின் பெயரிலேயே வெளியிட்டார். அந்நூலுக்குக் கோட்டோவியங்கள் வரைந்தவர் மாக்ரித். விளம்பரத்தையும் இலக்கணப் பாடநூலையும் ஒரே வகையான பொருள்களாகக் கண்டது இக்குழுவின் தனிச்சிறப்பு. இரண்டுமே மறுப்பை எதிர்பாராத வாக்கியங்களால் ஆனவை. இரண்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குபவை.

1927 செப்டம்பரில் மாக்ரித் பாரிஸின் புறநகரில் குடியேறினார். அவருடைய சொல்–படிம ஓவியங்கள் இக்காலத்தில்தான் தொடங்குகின்றன. அவற்றுள் 'கனவுகளின் திறவுகோல்' என்ற தலைப்பு பிரெஞ்சில் மலிவுவிலைக் கனாநூல்களுக்கு வழங்கிவந்த பொதுப்பெயர். இன்ன பொருளைக் கனவில் கண்டால் இன்ன பலன் என்று பட்டியலிடும் நூல்கள் அவை. 1927-ஆம் ஆண்டுப் படம் நான்கு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. முதற்கட்டத்தில் ஒரு கைப்பை. அதன் கீழே பள்ளிக் கையெழுத்தில் 'வானம்'. இரண்டாவதில் பேனாக்கத்தி, கீழே 'பறவை'. மூன்றாவதில் ஓர் இலை, கீழே 'மேசை'. நான்காவதில் ஒரு கடற்பஞ்சு. அதன் கீழே 'கடற்பஞ்சு'.

அணிலின் படத்துக்குக் கீழே 'அணில்' என்று எழுதிய அரிச்சுவடி வழியாக எழுத்தறிந்த எவருக்கும் இந்தப் படத்தின் வடிவம் புதிதன்று. இதற்குத் தரப்படும் வழக்கமான விளக்கம், சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு இல்லை என்பதைப் படம் காட்டுகிறது என்பது. தமிழிலக்கண மரபில் இடுகுறிப்பெயர் என்ற கருத்தை அறிந்தவர்க்கும், 1916-இல் வெளிவந்த சசூரின் விரிவுரைகளைப் படித்தவர்க்கும் இது உடனே விளங்கும். விளக்கம் தவறில்லை, ஆனால் போதாது. இடுகுறித்தன்மையை மெய்ப்பிப்பதற்கு ஓர் ஓவியம் தேவையில்லை. மொழிபெயர்ப்பு அகராதி ஒன்றே போதும்.

படத்தின் தொடரமைப்பை விளம்பரத்தின் தொடரமைப்போடு ஒப்பிட்டால் வேறொன்று புலப்படுகிறது. விளம்பரமும் ஒரு பொருளைத் தெளிவாக, பின்னணியிலிருந்து பிரித்து, தனித்து நிறுத்துகிறது. அதன் கீழே ஒரு பெயரையோ பயனிலையையோ எழுதுகிறது. அப்பயனிலை அப்பொருளுக்கு உரியதாக இருப்பது அரிது. சோப்பு இளமையாகிறது, சிகரெட் விடுதலையாகிறது, நறுமணத் தைலம் ஒரு நகரத்தின் இரவாகிறது. 'பை வானம், கத்தி பறவை' என்பதற்கும் 'சோப்பு இளமை' என்பதற்கும் தொடரமைப்பில் வேறுபாடே இல்லை. பிந்தையதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. ஏனெனில் அந்தச் சமன்பாட்டால் ஆதாயம் பெறும் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மாக்ரித் அந்த ஆதாயக்காரரை மட்டும் படத்திலிருந்து நீக்கிவிட்டார். ஆதாயம் நீங்கியதும் சமன்பாடு பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது.

நான்காவது கட்டம்தான் நுட்பமானது. கடற்பஞ்சுக்குக் கீழே கடற்பஞ்சு என்றே எழுதியிருப்பதால், முதல் மூன்றும் பிழைகள், நான்காவது சரி என்று ஆறுதல் கொள்ளத் தோன்றும். ஆனால் மூன்று தவறான பெயர்களைக் கடந்துவந்த கண்ணுக்கு நான்காவது பெயரும் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. சரியான பெயரும் யாரோ ஒட்டிய பெயர்தான் என்ற உணர்வு அங்கே தலைகாட்டுகிறது. ஆங்கிலச் சொற்களோடு அவர் 1935-இல் வரைந்த பதிப்பிலும் இதே உத்தி உண்டு: குதிரை, கடிகாரம், குவளை ஆகிய மூன்றுக்கும் அயற்பெயர்கள், பயணப்பெட்டி ஒன்றுக்கு மட்டும் உரிய பெயர். இந்தப் பதிப்பைத்தான் ஜான் பெர்ஜர் 1972-இல் தம் 'வேஸ் ஆஃப் சீயிங்' நூலின் அட்டையில் பயன்படுத்தினார். இந்திய வகுப்பறைகளிலும் நன்கு அறியப்பட்ட அந்நூலின் இறுதி இயல் விளம்பரத்தைப் பற்றியது. அட்டைக்கும் இறுதி இயலுக்கும் உள்ள இந்த உறவைப் பலரும் கவனிப்பதில்லை.

1929-ஆம் ஆண்டு ஓவியமான 'படிமங்களின் துரோகம்' உலகம் அறிந்தது. பழுப்பு நிறப் புகைக்குழாய் ஒன்று, பழைய தமிழ் வழக்கில் சுங்கான். அதன் கீழே, இது சுங்கான் அன்று என்ற பிரெஞ்சு வாசகம். அப்படியானால் அதில் புகையிலையை அடைத்துக் காட்டுங்கள் என்பது போன்ற எளிய விளக்கத்தை மாக்ரித் பிற்காலத்தில் தந்தார். தத்துவ வாசிப்புகளும் பல வந்தன. மிஷேல் ஃபூக்கோவின் கட்டுரை 1968-இல், மாக்ரித் இறந்த மறு ஆண்டில், வெளியாயிற்று. ஆனால் படத்தை முதலில் பார்க்கும்போது மனத்தில் எழுவது தத்துவம் அன்று. புகையிலைக் கடையின் பெயர்ப்பலகை. நிழலில்லாத பின்னணி, பளபளக்கும் மரக்கிண்ணம், சற்றே பெரிதாக்கப்பட்ட அளவு, கற்றுக்கொடுக்கும் தொனியுள்ள எழுத்து எல்லாம் விலைப்பட்டியலின் மரபுகள். சாமுவேல் நிறுவனத்தின் பட்டியலைச் செய்த கை அவற்றைக் கற்றுக்கொண்டது விளம்பரக்கூடத்தில்தான்.

பொருளும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. பின்னாளில் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, 1923-இல் வெளிவந்த கட்டடக்கலை நூலின் இறுதிப் படமாக வைத்தது ஒரு சுங்கானைத்தான். பயனுக்கேற்ற வடிவம், குறையற்ற தொழிற்பொருள், நவீனத்துவத்தின் முன்மாதிரி என்பதற்கு அது சான்று. தூய கலையைப் பற்றி ஒரு காலத்தில் எழுதியிருந்த மாக்ரித், அந்த மகிமை பொருந்திய பொருளையே எடுத்து அதன் பெயரைப் பறித்துக்கொண்டார் என்று வாசிப்பதற்கு நியாயம் உண்டு.

இங்கே தமிழ் வாசகருக்கு மட்டும் புலப்படும் ஓர் இலக்கண நுட்பம் இருக்கிறது. 'இது சுங்கான்' என்ற தமிழ்த் தொடரில் வினை எதுவும் இல்லை. இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தாலே பெயர்ப்பயனிலை அமைந்துவிடுகிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இடையில் ஒரு வினை வேண்டும். படத்தின் கீழே பெயரை எழுதும் செயல், எந்த மொழியில் நிகழ்ந்தாலும், தமிழின் இந்தத் தொடரைப் போன்றது. 'ஆகும்' என்ற சொல் அங்கே எழுதப்படுவதில்லை. பார்ப்பவரே அதை இட்டு நிரப்பிக்கொள்கிறார். விளம்பரத்தின் வலிமை இந்த எழுதப்படாத 'ஆகும்'-இல் அடங்கியிருக்கிறது. எழுதியிருந்தால் மறுக்கலாம், எழுதாததை மறுப்பது எப்படி? எதிர்மறைக்கு மட்டும் தமிழிலும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது: அன்று. மாக்ரித்தின் வாசகம் மறுப்பை எழுதியதன் வாயிலாக, அதுவரை ஓசையின்றி இருந்த உடன்பாட்டைச் செவிக்கு எட்டச் செய்தது.

ரோலன் பார்த் 1964-இல் ஒரு இத்தாலிய வகைச் சேமியாவின் விளம்பரத்தை ஆராய்ந்தபோது, விளம்பர வாசகத்தின் முதன்மைப் பணி படத்தின் பல பொருள்களுள் வேண்டியதை மட்டும் நிறுத்திப் பிறவற்றைத் தடுப்பது என்றார். கப்பலுக்கு நங்கூரம் போல. மாக்ரித்தின் ஓவியங்கள் அக்கட்டுரைக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முந்தியவை. நங்கூரம் பாய்ச்சுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்த பதிவுகள் என்று அவற்றைக் கொள்ளலாம். கோட்பாட்டாளர்கள் கண்டடைவதற்கு முன்பே கைவினைஞர் அறிந்திருந்தார் என்ற கூற்று பல துறைகளில் மிகைப்படுத்தப்படுவது உண்டு. இங்கே அது பொருந்துகிறது.

உலகப் பொருளாதார நெருக்கடி மாக்ரித்தின் பாரிஸ் வாழ்வை முடித்துவைத்தது. அவருக்கு ஒப்பந்தம் தந்திருந்த பிரஸ்ஸல்ஸின் லெ சான்தோர் காட்சிக்கூடம் சரிந்தது. 1930-இல் அவர் ஊர் திரும்பினார்; ஸ்டூடியோ டோங்கோ பிறந்தது. இந்தப் பத்தாண்டு அவருடைய அரசியலும் கூர்மையடைந்த காலம். நெசவுத் தொழிலாளர் சங்கத்துக்கு 1938-இல் சுவரொட்டி வடிவங்கள் வரைந்தார். பெல்ஜியப் பாசிசத் தலைவர் லெயோன் தெக்ரெல் கைக்கண்ணாடியில் முகம் பார்க்க, அதில் ஹிட்லரின் முகம் தெரியும் சுவரொட்டியும் அவருடையது. 1938 நவம்பரில் ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் நிகழ்த்திய உரையை அவர் அவையோரைத் தோழர்களே என்றும் விளித்துத் தொடங்கினார். மிகப் பழகிய பொருள்களை அலறவைப்பதே தம் நோக்கம் என்ற கருத்தையும் அவ்வுரையில் வெளியிட்டார். தெக்ரெல் சுவரொட்டி ஒரு செய்தியைத் தெளிவாக்குகிறது: வேண்டியபோது நங்கூரத்தை ஆழமாகப் பாய்ச்ச அவரால் முடிந்தது. அங்கே முகமும் பெயரும் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்துகின்றன. சுவரொட்டிக் கலையை அவர் முற்றாகப் பழித்தார் என்பது ஆகவே பொருந்தாது. எதை விற்பதற்கு, யாருடைய ஆதாயத்துக்கு என்பதே அவருடைய கேள்வி. தாம் வெறுப்பவற்றின் பட்டியலொன்றைப் போருக்குப் பின் வெளியிட்டபோது அதில் விளம்பரத்தையும் சேர்த்தார். வானொலி அறிவிப்பாளரின் குரலும் அந்துருண்டை வாசனையும்கூட அப்பட்டியலில் உண்டு.

போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் கடைகள் மீண்டும் நிரம்பின. 1952-இல் அவர் 'சொந்த மதிப்புகள்' என்ற படத்தை வரைந்தார். இப்போது அது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவர்களில் மேகம் தவழும் ஒரு படுக்கையறை. கட்டிலின்மேல் சுவரளவு உயர்ந்து நிற்கும் சீப்பு. அலமாரியின் உச்சியில் கிடக்கும் சவரத் தூரிகை. தரையில் ஆளுயரக் கண்ணாடிக் கோப்பை, சோப்பு, ஒரு தீக்குச்சி. எல்லாம் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைப்பவை. பொருளை மனிதரைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது விளம்பரப் பலகையின் அடிப்படை உத்தி. தெருவில் அதைப் பார்த்து யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. அதே அளவை மாக்ரித் படுக்கையறைக்குள் கொண்டுவந்தார். அறையில் மனிதர் இல்லை. இருக்க இடமும் இல்லை.

நியூயார்க்கில் அவருடைய படங்களை விற்றுவந்த அலெக்சாண்டர் இயோலாஸ் இதைக் கண்டு கலங்கி, தமக்கு உடல்நலமே கெட்டுவிட்டதைப் போல எழுதினார். மாக்ரித்தின் மறுமொழி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப நாடும் ஆவணம். தம் படத்தில் சீப்பு தன் சமூகத்தன்மையை இழந்து பயனற்ற ஆடம்பரப் பொருளாகிவிட்டது என்றும், பார்ப்பவர் நோயுற்றதாக உணர்ந்தால் அது படம் வேலைசெய்வதற்குச் சான்று என்றும் அவர் விளக்கினார். ஓவியரிடம் விற்பனையாளர் விரும்புவது வாங்கத் தூண்டும் படத்தை. இங்கே ஓர் ஓவிய வணிகரையே குமட்டவைத்த படம் கிடைத்திருக்கிறது. நுகர்பொருளைக் குறித்த விமர்சனத்துக்கு இதைவிட நேரடியான வரவேற்பு கிடைத்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டில், 1953-இல், வந்தது 'கோல்கொண்டா'. இப்போது ஹூஸ்டனின் மெனில் தொகுப்பில் உள்ள இந்த ஓவியத்தின் தலைப்பைத் தந்தவர் மாக்ரித்தின் நண்பரான கவிஞர் லூயி ஸ்கூத்நேர். ஓட்டுக்கூரை போட்ட பிரஸ்ஸல்ஸ் வீடுகளுக்கு முன்னால், வட்டத் தொப்பியும் கறுப்பு மேலங்கியும் அணிந்த ஆடவர் வானம் முழுவதும் நிறைந்திருக்கின்றனர். விழுகிறார்களா, எழுகிறார்களா, தொங்குகிறார்களா என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை. நகர வாழ்வின் ஒருமுகத் தன்மையைச் சாடும் படம் என்பது பரவலான வாசிப்பு. ஆனால் உருவங்களின் அமைப்பைப் பார்த்தால் அவர்கள் கூட்டமாகத் திரளவில்லை. சம இடைவெளிகளில், சாய்சதுரக் கட்டங்களில், மூன்று தொலைவுகளில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். இது சுவர்த்தாள். பீட்டர்ஸ்-லக்ருவாவில் பழகிய ஒழுங்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் மனிதர்களை மாதிரியுருவாகக் கொண்டு திரும்பியிருக்கிறது. எங்கே வெட்டினாலும் அடுத்த தாளோடு பொருந்தும்.

தலைப்பைக் குறித்துப் பேசும் மேலைநாட்டு நூல்கள் பெரும்பாலும் செல்வச் செழிப்புள்ள இந்திய நகரம் என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. ஹைதராபாதின் மேற்கு ஓரத்தில் அந்தக் கோட்டையை ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த வரி போதாது. குதுப் ஷாஹி அரசின் தலைநகராக விளங்கி, 1687-இல் ஔரங்கசீப்பின் படைகளிடம் வீழ்ந்த கோட்டை அது. உலகப் புகழ்பெற்ற கோல்கொண்டா வைரங்கள் கோல்கொண்டாவில் தோண்டப்பட்டவை அல்ல. அவை கிருஷ்ணை ஆற்றை ஒட்டிய கொல்லூர் முதலிய சுரங்கங்களிலிருந்து வந்தவை; கோட்டை நகரம் அவற்றின் சந்தை. விற்ற இடத்தின் பெயர் விளைந்த பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஐரோப்பிய மொழிகளில் அந்த இடப்பெயர் பொதுப்பெயராகி, வற்றாத செல்வம் என்ற பொருளைப் பெற்றது. இன்றும் நகை ஏலங்களில் 'கோல்கொண்டா' என்பது தரத்தைக் குறிக்கும் வணிகச் சொல்லாகவே வழங்குகிறது. சுரங்கங்களில் உழைத்தவர்களின் பெயரோ ஊரோ அந்தச் சொல்லுக்குள் நுழையவே இல்லை.

ஸ்கூத்நேர் இவ்வளவையும் கருதித் தலைப்பிட்டார் என்று வாதிடத் தேவையில்லை. அவர் எடுத்தது மொழியில் ஏற்கெனவே கிடந்த பெயரை. ஆயினும் நான்கு கட்டங்களில் பெயர்களை இடம்மாற்றிக் காட்டிய ஓவியரின் படத்துக்கு, இடம்மாறிய பெயர் ஒன்றே தலைப்பாக அமைந்தது பொருத்தம். செல்வத்தின் பெயரைத் தாங்கிய வானத்தில் மழையாகப் பெய்பவர்கள் ஒரே அச்சில் வார்த்த எழுத்தர்கள்.

விளம்பரத்தோடு சமரசம் செய்துகொண்ட சர்ரியலிஸ்ட் என்றால் நினைவுக்கு வருபவர் சால்வடார் டாலி. 1939-இல் நியூயார்க்கின் பான்விட் டெல்லர் கடைக்கு அவர் அமைத்த சாளரக் காட்சியை நிர்வாகம் கேளாமல் மாற்றியபோது, ஆத்திரத்தில் குளியல் தொட்டியைத் தள்ள, அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் வந்து விழுந்தது. கலையின் கௌரவத்துக்கான கலகம் என்று அதைச் சொல்வாருண்டு; அதுவே அந்த ஆண்டின் சிறந்த விளம்பரமாகவும் அமைந்தது. பிரெத்தோன் அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, டாலர் பசி கொண்டவர் என்று தொனிக்கும் 'அவிடா டாலர்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1967-இல் ஏர் இந்தியா தன் விருந்தினர்களுக்குப் பரிசளிப்பதற்காக டாலியிடம் சாம்பல் கிண்ணம் ஒன்றை வடிவமைக்கச் செய்தது. நேராக நோக்கினால் அன்னம்; தலைகீழாக நோக்கினால் யானை. கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக்குட்டி. அது இந்தியாவிலிருந்து விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்லி டாலியைப் பழித்து மாக்ரித்தை உயர்த்துவது எளிது. ஆனால் அதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், 1966-இல், மாக்ரித் பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்துக்காக 'வானப் பறவை' என்ற படத்தை வரைந்து தந்தார். இரவில் ஒளிரும் விமான நிலையத்தின்மேல், பகல் மேகங்களாலான ஒரு பறவை. அவர் அதற்குள் புகழும் பொருளும் பெற்றுவிட்டார். கொட்டகைக் காலத்து வறுமையைக் காரணமாகக் காட்ட முடியாது. அதே ஆண்டில் அவர் வரைந்த பச்சை ஆப்பிள் ஒன்றைப் பால் மெக்கார்ட்னி வாங்க, அது பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனச் சின்னத்துக்கு வித்தாயிற்று. 2024 நவம்பரில் அவருடைய 'ஒளியின் பேரரசு' வரிசைப் படமொன்று நியூயார்க் ஏலத்தில் 12 கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. அப்படியானால் விமர்சனம் என்று ஏதும் மிஞ்சியதா?

மிஞ்சியதை அளந்தறிய ஒரு வழி உண்டு. மாக்ரித்தின் சாயலில் இன்று வெளியாகும் எந்த விளம்பரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மேகம் நிரம்பிய அறை, முகத்தை மறைக்கும் பழம், மிதக்கும் பாறை எல்லாம் அதில் இருக்கும். திகைப்பு முழுவதும் கடன் வாங்கப்பட்டிருக்கும். ஆனால் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். திகைத்த கண் அங்கே சென்று இளைப்பாறும். ஓ, இது காப்பீடு. ஓ, இது கார். பெயர் வந்தவுடன் புதிர் விடையாகிவிடுகிறது. 1927-இல் பைக்குக் கீழே 'வானம்' என்று எழுதப்பட்டிருந்த இடமும் அதே கீழ் இடம்தான். விளம்பரத்தால் மாக்ரித்தின் படிமங்களை எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்த இடத்தில் அவர் எழுதிய சொற்களை எடுத்துக்கொள்ள முடியவில்லை. எடுத்துக்கொண்டால் எந்த நிறுவனத்தின் பெயரும் அங்கே நிலைக்காது. அவருடைய ஓவியங்களை விளம்பரத்தின்மீதான விமர்சனம் என்று சொல்வதற்கு உறுதியான ஆதாரம், கோட்பாட்டாளர்களின் கூற்றுகளைவிட, விளம்பரத்துறையின் இந்தத் தேர்ந்தெடுத்த கடன்வாங்கல்தான். சபேனா படத்திலும் சொல் எதுவும் வரையப்படவில்லை. நிறுவனம் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது படத்துக்கு வெளியில், சுவரொட்டிகளில்.

சபேனா 2001 நவம்பரில் நொடித்துப்போயிற்று. கடன்காரர்களுக்குத் தருவதற்காக அதன் உடைமைகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டபோது 'வானப் பறவை'யும் ஏலத்துக்கு வந்தது.